இரண்டு ரவுட்டர் இருந்தும் 47 நிமிடம் இணையம் இல்லை: ஒரு நிகழ்வு ஆய்வு

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம். அலுவலகம், செக்கிங், பேக்கிங் எல்லாம் ஒரே வளாகத்தில். ஏறக்குறைய 140 கம்ப்யூட்டர்கள், அது போகக் கேமராக்கள், கைரேகை வருகைப் பதிவு இயந்திரங்கள். அதன் நெட்வொர்க்கை வடிவமைத்துக் கொடுத்தது நான்தான். இணையம் ஒரு நாளும் நிற்கக் கூடாது என்று முதலாளி கேட்டுக்கொண்டதால் இரண்டு ரவுட்டர், இரண்டு இணைய இணைப்பு என்று திட்டம் போட்டேன். செலவு இரட்டிப்பு என்று கணக்குப் பிரிவில் கேள்வி வந்தபோது, "ஒன்று போனாலும் இன்னொன்று தானாக எடுத்துக்கொள்ளும்" என்று நானே உறுதி சொன்னேன்.

ஒன்று போனது. இன்னொன்று எடுத்துக்கொள்ளவில்லை. அன்று என்ன நடந்தது, ஏன் நடந்தது, அதற்குப் பிறகு எதையெல்லாம் மாற்றினோம் என்பதை முழுமையாக எழுதி வைக்கிறேன். இதே அமைப்பு இன்னும் பல அலுவலகங்களில் இதே ஓட்டையோடு ஓடிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

இருந்த அமைப்பு

முதல் ரவுட்டரில் 100 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன், அதாவது எங்களுக்கென்றே தனியாக வாடகைக்கு எடுத்த இணைப்பு. இரண்டாவதில் வேறொரு நிறுவனத்தின் ஃபைபர் பிராட்பேண்ட். உள் நெட்வொர்க்கில் முதல் ரவுட்டரின் முகவரி 192.168.10.2, இரண்டாவதன் முகவரி 192.168.10.3. கம்ப்யூட்டர்களுக்கு இந்த இரண்டுமே தெரியாது. அவற்றுக்கு கேட்வே, அதாவது வெளியே போகும் வாசல், என்று கொடுத்திருப்பது 192.168.10.1. அப்படி ஒரு பெட்டி ரேக்கில் கிடையாது. இரண்டு ரவுட்டரும் சேர்ந்து சுமக்கும் மெய்நிகர் முகவரி அது. இதற்குப் பயன்படுத்தியது சிஸ்கோவின் எச்எஸ்ஆர்பி (HSRP) என்ற நெறிமுறை, அதாவது ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் விதிமுறை.

வேலை செய்யும் விதம் எளிது. இரண்டு ரவுட்டரும் 3 விநாடிக்கு ஒருமுறை உள் நெட்வொர்க்கில் ஹலோ சொல்லிக்கொள்ளும். முன்னுரிமை எண் அதிகம் உள்ளது ஆக்டிவ், மற்றது ஸ்டாண்ட்பை. 10 விநாடி ஹலோ வரவில்லை என்றால் ஸ்டாண்ட்பை தானே ஆக்டிவ் ஆகி, அந்த .1 முகவரியையும் (192.168.10.1) அதற்குரிய மெய்நிகர் மேக் முகவரியையும் (கருவியின் அடையாள எண்) எடுத்துக்கொள்ளும். எடுத்த கையோடு, கேட்காமலேயே ஓர் ஏஆர்பி அறிவிப்பை (எந்த ஐபி முகவரிக்கு எந்த மேக் முகவரி என்று சொல்வது) அனுப்பும். 'அந்த மேக் முகவரி இனி இந்தப் பக்கம்' என்று ஸ்விட்ச் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். கம்ப்யூட்டரில் மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஏஆர்பி பட்டியலைப் போட்டுப் பாருங்கள். .1-க்கு எதிரே அதே மேக் முகவரிதான் இருக்கும், ஓர் எழுத்துகூட மாறியிருக்காது. கேட்வே வேறு பெட்டிக்குப் போனது கம்ப்யூட்டருக்குத் தெரியவே தெரியாது. இந்த நெறிமுறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

முதல் ரவுட்டருக்கு முன்னுரிமை 110, இரண்டாவதுக்கு 100. லீஸ்டு லைன் செருகியிருக்கும் இன்டர்ஃபேஸ் (போர்ட்) விழுந்தால் முதல் ரவுட்டரின் முன்னுரிமையில் 20 குறையும்படி ட்ராக்கிங் (கண்காணிப்பு) போட்டிருந்தேன். 110 போய் 90 ஆகும், 100 உள்ள இரண்டாவது ரவுட்டர் முந்திக்கொள்ளும். குறைக்கும் அளவைக் குறிப்பிடாமல் விட்டால் 10 என்று எடுத்துக்கொள்ளும். அப்போது இரண்டும் 100-இல் வந்து சமமாக நிற்கும். சமமான இடத்தில் மாற்றம் நடக்கும் என்று நம்பி உட்கார முடியாது. அதனால் 20. இரண்டு பக்கமும் ப்ரீஎம்ப்ட், அதாவது தன் முன்னுரிமை கூடுதலானால் ஆக்டிவ் பதவியைப் பிடுங்கிக்கொள்ளும் வசதி, போட்டிருந்தேன். எச்எஸ்ஆர்பியில் அது இயல்பாக அணைந்தே இருக்கும். முதல் ரவுட்டர் உயிரோடு இருந்துகொண்டு முன்னுரிமை மட்டும் குறையும்போது, இரண்டாவது ரவுட்டரில் ப்ரீஎம்ப்ட் இல்லையென்றால் அது சும்மாவே நின்றுகொண்டிருக்கும். பலரும் இதை முதல் ரவுட்டரில் மட்டும் போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

எல்லாம் போட்டு முடித்து, முதலாளியும் கணக்கு மேலாளரும் பார்த்துக்கொண்டு நிற்க, சோதித்துக் காட்டினேன். முதல் ரவுட்டரிலிருந்து லீஸ்டு லைன் கேபிளைப் பிடுங்கினேன். ஓடிக்கொண்டிருந்த பிங்கில் (பதில் வருகிறதா என்று அனுப்பிப் பார்க்கும் சோதனை) இரண்டு பாக்கெட் தொலைந்து போனது, மூன்றாவது வந்துவிட்டது. கைதட்டாத குறைதான். திரும்பச் செருகினேன், பழைய இடத்துக்கே வந்தது. கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

அன்று நடந்தது

ஒரு செவ்வாய்க்கிழமை, காலை 11:42. அலுவலகத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளி, சாக்கடை தோண்டிய ஜேசிபி லீஸ்டு லைன் ஃபைபரை அறுத்தது. அறுந்த நேரம் எங்கள் ரவுட்டருக்குத் தெரியாது. இணைப்பு நிறுவனத்தின் புகார்ச் சீட்டிலிருந்துதான் பின்னால் தெரிந்துகொண்டோம்.

11:50-க்கு அங்கே சிஸ்டம் பார்க்கும் பையன் கூப்பிட்டான்.

"அண்ணா, நெட்டு சுத்தமா இல்லீங்ணா. எல்லா டிபார்ட்மென்ட்லயும் கத்தறாங்க."

"ரவுட்டர் ரெண்டும் ஓடுதா பாரு."

"ரெண்டும் பச்சையாத்தான் எரியுதுங்ணா. கேபிள் எல்லாம் டைட்டாத்தான் இருக்குது."

ரெண்டும் பச்சை என்றதும் என் சந்தேகம் வேறு பக்கம் போனது. ஸ்விட்ச்சில் லூப் (போக்குவரத்து உள்ளேயே சுற்றிச் சுற்றி வருவது) விழுந்திருக்குமோ, இணையப் பெயர்களை ஐபி எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ் போயிருக்குமோ என்று பத்து நிமிடம் அங்கேயே தேடினேன். நான் அப்போது கோயம்புத்தூரில் இன்னொரு இடத்தில் இருந்தேன். வழக்கமாக லீஸ்டு லைன் வழியாகத்தான் உள்ளே நுழைவேன், அது செத்துக் கிடந்ததால் தொலைவிலிருந்து எதையும் பார்க்க முடியவில்லை. இரண்டாவது இணைப்பு வழியாக நுழைய எந்த ஏற்பாடும் நான் செய்து வைத்திருக்கவில்லை. ஃபோனில் அவனை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்யச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நிலையைக் காட்டும் கட்டளையைப் போடச் சொன்னேன். முதல் ரவுட்டர் ஆக்டிவ், இரண்டாவது ஸ்டாண்ட்பை, முன்னுரிமை 110, 100. ஒரு குறையும் இல்லை. லீஸ்டு லைன் இன்டர்ஃபேஸ் அப், லைன் புரோட்டோகாலும் அப். அதற்கும் ஒரு குறையும் இல்லை. பிறகு இரண்டாவது ரவுட்டரில் போய் வெளியே ஒரு பிங் போடச் சொன்னேன். ஐந்துக்கு ஐந்தும் வந்தது.

அப்போதுதான் விஷயம் உறைத்தது. நல்ல இணைப்போடு ஒரு ரவுட்டர் சும்மா நிற்கிறது. செத்த இணைப்போடு இன்னொன்று, தான்தான் ஆக்டிவ் என்று மொத்த அலுவலகத்தின் போக்குவரத்தையும் வாங்கிக் குப்பையில் போட்டுக்கொண்டிருக்கிறது.

"தம்பி, முதல் ரவுட்டர்ல வலது ஓரம் ஒரு நீலக் கேபிள் இருக்கும். அதப் புடுங்கு."

"புடுங்கட்டுங்களாண்ணா? அதுதான் லீஸ்டு லைன்."

"புடுங்கு."

12:29. இணையம் வந்துவிட்டது.

பிடுங்கியதும் வந்துவிட்டது என்பதுதான் இந்த ஆய்வின் மையம். நான் அமைத்தது பழுதாகவில்லை. எதைக் கவனிக்கச் சொன்னேனோ அதைக் கச்சிதமாகக் கவனித்துக்கொண்டிருந்தது. நான் கவனிக்கச் சொன்ன இடம்தான் தவறு.

நீலக் கேபிள், மஞ்சள் கேபிள்

ரேக்குக்குப் பின்னால், ஒரு கைப்பிடி அளவில் ஒரு மீடியா கன்வர்ட்டர் இருக்கிறது. வெளியிலிருந்து வரும் ஃபைபர் மஞ்சள் நிறக் கேபிளாக அதற்குள் போகிறது. மறுபக்கம் நீலநிறச் செம்புக் கேபிளாக வெளியே வந்து ரவுட்டரில் செருகுகிறது. ரவுட்டரின் இன்டர்ஃபேஸ் பேசிக்கொண்டிருப்பது இந்தக் குட்டிப் பெட்டியோடு மட்டும்தான். இடையில் இருப்பது ஒரு முழ நீலக் கேபிள். இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஃபைபர் அறுந்தாலும் அந்த ஒரு முழத்துக்கு ஒன்றும் ஆகாது. கன்வர்ட்டருக்கு மின்சாரம் இருக்கிறவரை ரவுட்டரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும்.

அன்று அந்தக் கன்வர்ட்டரில் ஃபைபருக்கான எஃப்எக்ஸ் விளக்கு அணைந்துதான் இருந்தது. பெட்டி ரேக்கின் முதுகுப்புறம் இருந்ததால் யாரும் பார்க்கவில்லை. பையன் முன்பக்கம் நின்று பச்சை விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தான்.

சில கன்வர்ட்டர்களில் ஃபைபர் போனால் செம்புப் பக்கத்தையும் சேர்த்து விழவைக்கும் வசதி உண்டு. அதைப் போட்டு வைத்திருந்தால் அன்றைக்குக் காப்பாற்றியிருக்கும். ஆனால் அறுப்பு இன்னும் நான்கு கிலோமீட்டர் தள்ளி, இணைப்பு நிறுவனத்தின் ஸ்விட்ச்சுக்கு அப்பால் நடந்திருந்தால் அதுவும் பயன்படாது. நம் பக்க ஃபைபரில் வெளிச்சம் இருக்கும், இணையம் இருக்காது.

என் சோதனைக்கு வருகிறேன். கையெழுத்து வாங்கிய நாளில் நான் பிடுங்கியது நீலக் கேபிளை. நிஜத்தில் நீலக் கேபிள் எப்போது கழலும்? பூட்டிய ரேக்குக்குள் இருக்கும் ஒரு முழ கேபிள் அது, ஆண்டுக்கு ஒருமுறைகூடக் கழலாது. போகிறது எப்போதும் தெருவில் இருக்கும் ஃபைபர். எது பழுதாகாதோ அதைப் பழுதாக்கிக் காட்டிவிட்டு, பழுதைத் தாங்கும் என்று சொல்லியிருக்கிறேன். மஞ்சள் கேபிளை ஒரே ஒருமுறை உருவிப் பார்த்திருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

முழுதாகச் சாகிற பெட்டியைச் சமாளிப்பது சுலபம், பாதி செத்த பெட்டிதான் ஆபத்து. பெரிய இடங்களிலும் இப்படித்தான். 2016 ஜூலையில் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் ஏர்லைன்ஸில் ஒரு ரவுட்டர் முழுதாக விழாமல் அரைகுறையாகப் பழுதானது. அது செத்ததாகக் கணக்கில் வராததால் மாற்று ஏற்பாடு கிளம்பவில்லை. அடுத்தடுத்த நாட்களில் 2,000-க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. அவர்களுடைய அளவு எங்கே, நம்முடைய 140 கம்ப்யூட்டர் எங்கே. ஆனாலும் காரணம் ஒரே வகையைச் சேர்ந்தது.

இணையம் வந்தது, வேலை வரவில்லை

12:29-க்கு முடிந்தது என்று நினைத்தேன். 12:35-க்கு டெஸ்பாட்ச் மேலாளர் பேசினார்.

"சார், கூகுள் வருதுங்க. ஈஆர்பி மட்டும் வரமாட்டேங்குது. தூத்துக்குடி லாரி பன்னெண்டு மணிக்குப் போயிருக்கணும், கேட்டுலயே நிக்குது. இன்வாய்ஸ் எடுத்தாத்தானுங்களே இ-வே பில் போட முடியும்."

ஈஆர்பி, அதாவது இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் போடும் நிறுவன மென்பொருள், வெளியே ஒரு சர்வரில் இருக்கிறது. பாதுகாப்புக்காக, எங்கள் லீஸ்டு லைனின் பொது ஐபியிலிருந்து வந்தால் மட்டுமே அனுமதிக்கும்படி அதன் ஃபயர்வாலில் போட்டிருந்தார்கள். இரண்டாவது ரவுட்டர் வழியாகப் போனால் வேறு ஐபி. கதவைத் திறக்கவில்லை. அவர்களைப் பிடித்து, விளக்கி, இரண்டாவது ஐபியைச் சேர்க்க வைப்பதற்குள் 1:15 ஆகிவிட்டது. லாரி 1:40-க்குக் கிளம்பியது. கப்பலுக்குச் சரக்கு சேர வேண்டிய நேரத்துக்குள் போய்விட்டது, அதில் தப்பித்தோம்.

இதற்கான அறிகுறி 12 மணிக்கே வந்திருந்தது. பில்லிங்கில் ஒரு பெண் தன் மொபைல் ஹாட்ஸ்பாட்டைப் போட்டு ஈஆர்பிக்குள் நுழையப் பார்த்திருக்கிறார். போகவில்லை. ஈஆர்பியே படுத்துவிட்டது போல என்று விட்டுவிட்டார், யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும். அவர் மீது குறையில்லை. நெட்டு போனால் யாரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்று அந்த அலுவலகத்தில் யாருக்கும் நாங்கள் சொல்லி வைக்கவில்லை.

அந்த பிராட்பேண்டில் ஐபி நிலையானதும் அல்ல, மாறிக்கொண்டே இருக்கும். அன்று சேர்த்த ஐபி அடுத்த வாரம் வேறாகியிருக்கும். அடுத்த மாதமே கூடுதல் பணம் கட்டி நிலையான ஐபி வாங்கினோம். மாற்று இணைப்புக்கு விலை விசாரிக்கும்போதே இதையும் சேர்த்துக் கேட்டுவிட வேண்டும்.

மாற்றி அமைத்தது

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வேலையை ஆரம்பித்தோம். இன்டர்ஃபேஸ் பச்சையாக இருக்கிறதா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, இணையம் உண்மையில் போய்த் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கு ரவுட்டரிலேயே ஐபி எஸ்எல்ஏ என்ற வசதி இருக்கிறது. குறித்த இடைவெளியில் ஒரு முகவரிக்குத் தானே பிங் அடித்துப் பார்த்துக்கொள்ளும். ஒன்றும் சொல்லாவிட்டால் 60 விநாடிக்கு ஒருமுறைதான் அடிக்கும், அது நமக்குப் போதாது. 5 விநாடிக்கு ஒருமுறை, பதிலுக்கு 2 விநாடி காத்திருப்பு என்று வைத்தோம்.

எதை பிங் அடிப்பது என்பதில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இணைப்பு நிறுவனத்தின் கேட்வேயை அடிப்பது பலருடைய வழக்கம். அது வரைக்கும் நன்றாக இருந்து அதற்கு மேல் அறுந்தால் மறுபடி பழைய கதைதான். வெளியே ஒரே ஒரு முகவரியை நம்பினால், அவர்கள் பிங்குக்குப் பதில் சொல்வதை ஒருநாள் குறைத்துக்கொண்டாலும் நல்ல இணைப்பைச் செத்ததாக எண்ணிவிடும். பொது டிஎன்எஸ் சர்வர்கள் டிஎன்எஸ் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இருக்கின்றன, நம் பிங்குக்குப் பதில் சொல்ல அவை கடமைப்பட்டவை அல்ல. ஆகவே 8.8.8.8, 1.1.1.1 இரண்டையும் தனித்தனியாக அடித்து, இரண்டும் போனால் மட்டுமே இணைப்பு போனதாக எடுத்துக்கொள் என்று ஒரு கூட்டு ட்ராக் போட்டோம். எச்எஸ்ஆர்பியின் முன்னுரிமைக் குறைப்பை அந்தக் கூட்டு ட்ராக்கோடு கட்டினோம்.

கூடவே இன்னொன்றும் செய்தேன். முதல் ரவுட்டரின் டீஃபால்ட் ரவுட்டையும் (தனி வழி சொல்லாத எல்லாப் போக்குவரத்துக்குமான வழி) அதே ட்ராக்கோடு கட்டி, அது போனால் .3 வழியாக, அதாவது இரண்டாவது ரவுட்டர் வழியாக, வெளியே போகும்படி 250 தூரத்தில் ஒரு மிதக்கும் ரவுட் (முதல் வழி போனால் மட்டும் பயன்படும் மாற்று வழி) வைத்தேன். யாராவது தவறிப்போய் .2-க்கே பாக்கெட் அனுப்பினாலும் வழி கிடைக்கட்டும் என்று.

இப்போது மஞ்சள் கேபிளை உருவினோம். இருபது விநாடியில் இரண்டாவது ரவுட்டர் எடுத்துக்கொண்டது. பையன் முகத்தில் சிரிப்பு. அடுத்த நிமிடமே முதல் ரவுட்டர் மறுபடி ஆக்டிவ் ஆனது. பிறகு இரண்டாவது. பிறகு முதல். மஞ்சள் கேபிள் என் கையில் இருக்கிறது, ரவுட்டர் சொல்கிறது லீஸ்டு லைன் நலம் என்று!

கொஞ்ச நேரம் ரவுட்டரின் லாகையே (நிகழ்வுப் பதிவு) பார்த்துக்கொண்டிருந்த பிறகுதான் புரிந்தது. லீஸ்டு லைன் போனதும் ட்ராக் விழுகிறது. டீஃபால்ட் ரவுட் இரண்டாவது ரவுட்டர் பக்கம் திரும்புகிறது. முதல் ரவுட்டர் அடிக்கும் சோதனை பிங்கும் அதே டீஃபால்ட் ரவுட்டைப் பிடித்து, இரண்டாவது ரவுட்டரின் பிராட்பேண்ட் வழியாகப் போய், நல்லபடியாகப் பதிலோடு திரும்புகிறது. ட்ராக் உடனே எழுந்துகொள்கிறது. டீஃபால்ட் ரவுட் மறுபடி செத்த லைனுக்குத் திரும்புகிறது. பிங் சாகிறது. ட்ராக் விழுகிறது. இப்படியே சுற்றிக்கொண்டிருக்கும்.

தீர்வு இரண்டு வரி. 8.8.8.8, 1.1.1.1 என்ற இந்த இரண்டு முகவரிக்கு மட்டும், லீஸ்டு லைன் வழியாகத்தான் போக வேண்டும் என்று நிலையான ரவுட் எழுதி ஆணியடித்தோம். லைன் செத்தால் சோதனை பிங்கும் அந்த லைனிலேயே சாக வேண்டும், வேறு வழியில் பிழைத்து வரக் கூடாது. இதற்கு ஒரு பின்விளைவு உண்டு. ஆணியடித்த முகவரிகளை அலுவலகத்துக்கான டிஎன்எஸ்ஸாகக் கொடுக்காமல் இருப்பது நல்லது. அதனால் கம்ப்யூட்டர்களுக்கு 8.8.4.4, 1.0.0.1 என்று மாற்றினோம். அதற்கு முன் அவற்றில் சிலவற்றில் இருந்தது லீஸ்டு லைன் நிறுவனத்தின் சொந்த டிஎன்எஸ். வேறு நிறுவனத்தின் இணைப்பிலிருந்து கேட்டால் அது பதிலே சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை 12:29-க்குப் பிறகும் சிலருக்கு நெட் வராமல் இருந்த காரணம் இந்த ஞாயிற்றுக்கிழமை காலைதான் விளங்கியது.

இரண்டாவது ரவுட்டருக்கும் அதே மாதிரி ஒரு ட்ராக் போட்டோம், அது 9.9.9.9, 149.112.112.112 இரண்டையும் பார்க்கிறது. அங்கேயும் 20 குறையும், 100 என்பது 80 ஆகும். இரண்டு இணைப்பும் போய்விட்டால் 90-க்கு 80, முதல் ரவுட்டரே வைத்துக்கொள்ளும். பிராட்பேண்ட் முதலில் எழுந்தால் 100 ஆகி அது எடுத்துக்கொள்ளும். எந்த வரிசையில் போனாலும் வந்தாலும் கணக்கு சரியாக நிற்கிறதா என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளிட்டேன்.

போவதற்கும் வருவதற்கும் வேறு வேறு நேரம்

ட்ராக் விழுந்தவுடன் மாறாமல் 15 விநாடி பொறுக்கும்படி வைத்திருந்தேன். பிங் இடைவெளி 5, காத்திருப்பு 2, பொறுமை 15, எச்எஸ்ஆர்பி கைமாற ஓரிரண்டு விநாடி. மோசமான நிலையில் 25 விநாடிக்குள் முடிந்துவிடும். திரும்பி வருவதற்கு 10 விநாடிதான் கொடுத்திருந்தேன். அதை யோசிக்காமல் போட்டுவிட்டேன்.

ஐந்து வாரம் கழித்து மறுபடி ஃபைபர் அறுந்தது, இம்முறை மாலை நான்கு மணிக்கு. மாற்றம் சரியாக நடந்தது. ஆறு மணிக்கு மேல் ஒட்டுகிறவர்கள் வந்தார்கள். ஃபைபரை ஒட்டும்போது வெளிச்சம் வரும், போகும், அவர்கள் அளந்து பார்ப்பார்கள், வெட்டிவிட்டு மறுபடி ஒட்டுவார்கள். இருபது நிமிடத்தில் ஆறு முறை ரவுட்டர் இங்கும் அங்கும் மாறியது. ஒவ்வொரு மாற்றத்திலும் வெளியே தெரியும் ஐபி மாறும். உள் முகவரியைப் பொது ஐபியாக மாற்றும் நேட் அட்டவணை அந்தந்த ரவுட்டரில் மட்டும் இருப்பதால், ஓடிக்கொண்டிருக்கும் இணைப்பெல்லாம் அறுந்து புதிதாகத் தொடங்க வேண்டும். ஈஆர்பியில் பாதி உள்ளிட்ட பேக்கிங் லிஸ்ட்டோடு ஆறு முறை வெளியே தள்ளப்பட்ட ஒருவர் என்னிடம் பேசியதை இங்கே எழுத முடியாது. அவர் கோபம் முழுக்க நியாயம்.

இரண்டாவது இணைப்பில் வேலை நடந்துகொண்டிருக்கும்போது முதல் இணைப்புக்குத் திரும்ப ஓர் அவசரமும் இல்லை. ட்ராக்கில் தாமதம் 180 விநாடிக்கு மேல் ஏற்காது, அந்த 180-ஐயே வைத்தேன். மூன்று நிமிடம் இடைவிடாமல் நன்றாக இருந்தால்தான் திரும்பும். ரவுட்டர் மின்சாரம் போய் எழும்போதும் இதே சிக்கல் உண்டு. எழுந்ததும் எழாததுமாக ஆக்டிவ் பதவியை வாங்கிக்கொண்டு, வெளி இணைப்பு தயாராகும் வரை பாக்கெட்டுகளை விழுங்கும். அதற்கு ப்ரீஎம்ப்ட்டில் ரீலோட் தாமதம் தனியாக 180 கொடுத்தோம்.

உள்ளே கிடந்த மற்றவை

முதல் ரவுட்டரை முழுதாக அணைத்து ஒரு சோதனையும் செய்தோம். கைரேகை இயந்திரங்கள் மூன்றில் இரண்டு தொடர்பை இழந்தன. போய்ப் பார்த்தால் அவற்றில் கேட்வே 192.168.10.2 என்று கையால் போட்டிருந்தது. பொருத்த வந்தவர் யாரோ, இயங்குகிற ஒரு முகவரியைப் பார்த்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். கேமரா ரெக்கார்டரிலும் அதேதான். கம்ப்யூட்டர்கள் டிஎச்சிபியில் (தானாக முகவரி கொடுக்கும் வசதி) .1 வாங்கிக்கொள்கின்றன, கையால் முகவரி போட்ட கருவிகளைத்தான் ஒவ்வொன்றாகத் தேடிப் பார்க்க வேண்டும். மொத்தம் பதினொன்று கிடைத்தன.

டிஎச்சிபியையே முதல் ரவுட்டர்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. அது செத்தால் புதிதாக வரும் யாருக்கும் முகவரி கிடைக்காது. குத்தகைக் காலம் இயல்பாக ஒரு நாள் என்பதால் ஏற்கெனவே முகவரி வாங்கியவர்களுக்கு உடனே தெரியாது, மறுநாள் காலையில் கூட்டமாகத் தெரியும். இரண்டு ரவுட்டரிலும் டிஎச்சிபி போட்டு, ஒன்றுக்கு 50 முதல் 149, இன்னொன்றுக்கு 150 முதல் 249 என்று பிரித்துக் கொடுத்தோம்.

இரண்டு ரவுட்டரும் ஒரே ஸ்விட்ச்சில் செருகியிருந்தன. இரண்டாவதை அடுத்த ஸ்விட்ச்சுக்கு மாற்றினோம். மாற்றிய பிறகு நிலையைப் பார்த்தால் இரண்டு ரவுட்டருமே ஆக்டிவ் என்றன. ஸ்டாண்ட்பை யார் என்ற இடத்தில் இரண்டிலும் 'தெரியாது'. புது ஸ்விட்ச்சில் அந்த போர்ட் வேறு வீலானில் (ஸ்விட்ச்சுக்குள் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) இருந்தது. ஒன்றின் ஹலோ இன்னொன்றுக்குக் கேட்கவில்லை. இதில் பயப்பட வேண்டியது என்னவென்றால், பயனாளர் யாருக்கும் எந்தத் தொந்தரவும் இல்லை. இணையம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. மாற்று ஏற்பாடு மட்டும் சத்தமில்லாமல் போயிருந்தது. அன்றிலிருந்து, வேலை முடித்துக் கிளம்பும் முன் ஸ்டாண்ட்பை இடத்தில் மற்ற ரவுட்டரின் முகவரி தெரிகிறதா என்று பார்க்காமல் நான் கிளம்புவதில்லை.

யூபிஎஸ்ஸும் ஒன்றேதான் இருந்தது. இரண்டாவது ரவுட்டருக்கும் அதன் ஃபைபர் பெட்டிக்கும் தனியாக ஒரு சிறிய யூபிஎஸ் வாங்கினோம்.

சிஸ்கோ ரவுட்டர் இல்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை. விஆர்ஆர்பி என்பது இதே வேலைக்கான பொதுத் தரம், 1998 முதல் இருக்கிறது. லினக்ஸில் கீப்அலைவ்டு என்ற மென்பொருள் வழியாக இதை இயக்கலாம். அதில் ப்ரீஎம்ப்ட் இயல்பாகவே இயங்கும். விநாடிக்கு ஒரு அறிவிப்பு என்பதால், 100 முன்னுரிமை உள்ள மாற்று ரவுட்டர் 3.6 விநாடியிலேயே எடுத்துக்கொள்ளும். ஆனால் எவ்வளவு வேகமாக இருந்தாலும் அதுவும் உள் நெட்வொர்க்கில் இருக்கும் பக்கத்துப் பெட்டியைத்தான் கவனிக்கிறது, வெளி இணையத்தை அல்ல. அங்கேயும் ஒரு சோதனை ஸ்கிரிப்ட் எழுதி ட்ராக்கில் கட்ட வேண்டும், சோதனை பிங்குக்கு ரவுட்டை ஆணியடிக்கவும் வேண்டும். பிஎஃப்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்கு, இதே வேலைக்கான கார்ப் நெறிமுறை. அதுவும் விஆர்ஆர்பியும் ஒரே 112-ஆம் நெறிமுறை எண்ணையும் ஒரே வகை மேக் முகவரியையும் பயன்படுத்துகின்றன. ஒரே நெட்வொர்க்கில் இரண்டும் இருந்தால் குழு எண் மோதாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போதைய நிலை

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, சனிக்கிழமை மாலை ஷிப்ட் முடிந்ததும் சோதனை. நீலக் கேபிளைத் தொடுவதில்லை. மஞ்சளை உருவுகிறோம். அடுத்து, கேபிள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்க, வெளியிலிருந்து வரும் பதில்களை முதல் ரவுட்டரின் இன்டர்ஃபேஸில் ஓர் அக்சஸ் லிஸ்ட் (எதை விடலாம், எதை மறிக்கலாம் என்ற பட்டியல்) போட்டு மறிக்கிறோம், நிறுவனத்தின் ஸ்விட்ச்சுக்கு அப்பால் அறுந்த மாதிரி. கடைசியாக முதல் ரவுட்டரின் மின்சாரத்தைப் பிடுங்குகிறோம். மூன்றிலும் ஈஆர்பிக்குள் நுழைந்து ஓர் இன்வாய்ஸ் எடுத்துப் பார்த்த பிறகே சரி என்று எழுதுகிறோம். போன சோதனையில் மஞ்சளுக்கு 21 விநாடி, மறிப்புக்கு 23, மின்சாரத்துக்கு 11. இப்போது நடத்துவது அந்தப் பையன்தான். கன்வர்ட்டரை ரேக்கின் முன்பக்கத்துக்கு மாற்றி, எஃப்எக்ஸ் விளக்குக்குப் பக்கத்தில் மார்க்கரால் ஓர் அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறான்.

ஒன்று மட்டும் பாக்கி. இரண்டு நிறுவனங்களின் ஃபைபரும் கடைசி நாற்பது மீட்டர் ஒரே மின்கம்பத்தில் தொங்கி, ஒரே சுவர் ஓட்டை வழியாக உள்ளே வருகின்றன. ஒரு லாரி அந்தக் கம்பத்தில் இடித்தால் இரண்டும் ஒன்றாகப் போகும். பிராட்பேண்டைப் பின்தெரு வழியாக, பேக்கிங் கட்டடத்துக்குள் கொண்டுவர விலை வாங்கி முதலாளியிடம் கொடுத்திருக்கிறேன். கணக்குப் பிரிவிலிருந்து இம்முறை கேள்வி எதுவும் வரவில்லை. கேபிள் இழுக்க ஆள் வரும் தேதிக்காகக் காத்திருக்கிறோம்.